வேப்பிலைப் புகைக்கு டெங்கு நுளம்பு விலகுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் குடியிருக்கிறோம். மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்குப் பத்து மாதம். நுளம்புச் சுருள் கொளுத்தினால் மூத்தவனுக்கு முட்டு வருகிறது. அதனால் மாமி பின்னேரத்தில் வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகைக்கிறார். கட்டிலுக்குக் கீழே கற்பூரத் தண்ணீர் வைக்கிறார். பால்கனியில் துளசியும் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு வந்ததிலிருந்து எனக்கு நித்திரையே இல்லை. மருந்து அடிக்காமல் வீட்டிலேயே செய்யக்கூடிய வழிகள் சொல்லுங்கள்.
- ஒரு தாய், கொழும்பு 6

பதில்: தங்கச்சி, உங்கள் வீட்டு ஏற்பாடு எல்லாம் இரவு நுளம்புக்கானது. டெங்கைக் காவும் ஈடிஸ் பகலில்தான் கடிக்கும். விடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது படுவதற்கு முந்திய நேரமும் அதற்கு வாய்ப்பானவை. மாமி விளக்கு வைத்துவிட்டுப் புகைச்சட்டியைத் தூக்கும்போது அது அன்றைய வேலையை அநேகமாக முடித்திருக்கும். அந்தப் புகைக்குக் கொஞ்சம் ஒதுங்குவது, கானில் பிறந்து இரவில் காதுக்குள் பாட வரும் கியூலெக்ஸ். புகை கலைந்தால் அதுவும் திரும்பி வரும்.

முற்றமும் திண்ணையும் உள்ள ஊர் வீட்டில் புகை போடுவது வேறு. ஜன்னல் சாத்திய தொடர்மாடி அறையில், முட்டு வருத்தம் உள்ள பிள்ளைக்குப் பக்கத்தில் அது வேண்டாம். இது சுருள் புகையா, வேப்பிலைப் புகையா என்று நுரையீரல் பிரித்துப் பார்ப்பதில்லை. மாமிக்கு மனம் கேட்காவிட்டால் பால்கனியில் போடட்டும், பிள்ளைகள் உள்ளே இருக்கட்டும்.

கற்பூரத் தண்ணீரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பத்து மாதப் பிள்ளை தவழ்ந்து போய் எதையும் வாயில் வைக்கும். கற்பூரம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். மணம் போன பிறகு மறந்துபோய் அங்கேயே கிடந்தால், அது கட்டிலுக்குக் கீழே நீங்களே நுளம்புக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம்.

துளசி நிற்பதால் நுளம்பு போகாது. இலையைக் கசக்கினால்தான் எண்ணெய் வெளியே வரும், அதுவும் சிறிது நேரத்துக்கே. நான் கேட்க நினைப்பது, அந்தச் சாடிக்குக் கீழே தட்டு வைத்திருக்கிறீர்களா என்று. வைத்திருந்தால் அதில் மணலை நிரப்புங்கள். பாதித் தேசிக்காயில் கராம்பு குத்தி வைக்கும் வித்தை படம் எடுக்க அழகு, வேறொன்றுமில்லை. உள்ளி தின்றால் நுளம்பு கடிக்காது என்பதையும் நம்பாதீர்கள்.

சரி, வீட்டில் செய்யக்கூடியது எது? நம் நாட்டிலேயே, தெற்கே மாத்தறை, ஹம்பாந்தோட்டைப் பக்கம் வளர்த்த புல்லில் வடிக்கிற சிட்ரோனெல்லா எண்ணெய் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு ஐந்தாறு துளி போதும். கூட விட்டால் தோல் எரியும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். ஒத்துக்கொண்டால், மூத்தவன் காலையில் பள்ளிக்கூடம் போகமுன் கால், முழங்கை, பின்கழுத்தில் பூசிவிடுங்கள். உள்ளங்கையில் வேண்டாம், அதே கையால் கண்ணைக் கசக்குவான். ஆனால் கொழும்பு வெயிலில் வியர்த்தால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. டெங்கு பரவும் மாதங்களில் பள்ளிக்கு மருந்துக்கடையில் விற்கும் நுளம்பு விரட்டிக் களிம்பே நல்லது. முட்டு வருத்தமும் இருப்பதால் அவனை வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடம் எது என்று கேட்டு வாங்குங்கள். வேப்பெண்ணெயைப் பெரியவர்கள் தேங்காயெண்ணெயில் கலந்து பூசலாம், நாற்றத்தைச் சகிக்க முடிந்தால். குழந்தை வாயில் அது ஒரு துளியும் படக்கூடாது.

சின்னவளுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். அவளுக்கு நுளம்பு வலை. முக்கியமாகப் பகல் நித்திரைக்கு. நம் வீடுகளில் இரவில் ஒழுங்காக வலை கட்டுவோம், பகலில் பிள்ளையை வெறும் பாயில் போட்டு மின்விசிறியைப் போட்டுவிடுவோம்.

இதெல்லாம் கடியைத்தான் குறைக்கும். ஈடிஸ் ஓரளவு தெளிந்த, தேங்கிய தண்ணீரில், வீட்டைச் சுற்றியே முட்டையிடும். முட்டை நுளம்பாவதற்கு இந்தச் சூட்டில் ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சுற்று. குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டு, ஏசி சொட்டும் வாளி, மணி பிளாண்ட் போத்தல், பாவிக்காத குளியலறை, பால்கனி மூலையில் கிடக்கும் தயிர்ச்சட்டி, யோகட் கப், சிரட்டை. தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தும்பு பிரஷால் உரஞ்சிக் கழுவ வேண்டும். இந்த வேலையை மாமியின் பொறுப்பில் விட்டுப் பாருங்கள். புகைச்சட்டியில் இருக்கும் அக்கறை இதற்கும் வரும், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

உங்கள் கதவோடு இது நிற்காது. மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் மூடி, கூரைப் பீலி, வாகனம் நிறுத்தும் கீழ்த்தளத்தில் தேங்கும் நீர் எல்லாம் தொடர்மாடி நிர்வாகத்தின் பொறுப்பு, கூட்டத்தில் கேளுங்கள். பக்கத்தில் கட்டடம் எழும்பினால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். நுளம்பு பெருக விடுவது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம், வழக்குப் போடலாம். சண்டை வருமே என்று அயலவர்கள் பேசாமல் இருப்பதை நான் நிறையப் பார்க்கிறேன். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது, அதில் அதிகம் அடிபட்டது நம் மேல் மாகாணம்தான்.

காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற அளவில் பனடோல் மட்டும். இபுப்ரோஃபென், அஸ்பிரின் தொடவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். சின்னவளுக்கென்றால் முதல் நாளே வைத்தியரிடம் போங்கள். மூத்தவனுக்கு இரண்டு நாளில் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் இறங்கும் நாள்தான் டெங்கில் ஆபத்தான நாள். அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் என்று எது தெரிந்தாலும், பப்பாசி இலையை இடித்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.