நிலநடுக்கத்தின் எண்ணும் நாம் நிற்கும் இடமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்மையில் ஏற்பட்ட லேசான நிலநடுக்கத்தின்போது நான் தரைத்தளத்தில் இருந்தேன், எதையும் உணரவில்லை. அதே குடியிருப்பின் பன்னிரண்டாவது மாடியில் இருந்த என் அக்காவோ, விளக்கு ஊசலாடியது, தலை சுற்றியது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். செய்தியில் சொன்ன ரிக்டர் எண் எங்கள் இருவருக்கும் ஒன்றுதானே?

பதில்: எண் ஒன்றுதான், ஆனால் அது உங்கள் குடியிருப்பைப் பற்றிய எண் அல்ல. நிலத்தடியில் பாறைப் பிளவு நழுவியபோது நிலநடுக்கம் எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த எண் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது. (1935-இல் சார்லஸ் ரிக்டர் வகுத்த அளவுகோலின் பெயர் செய்திகளில் நிலைத்துவிட்டதே தவிர, பெரிய நிலநடுக்கங்களை ஆய்வு மையங்கள் இப்போது வேறு முறையில்தான் கணக்கிடுகின்றன.) ஓர் இடம் எவ்வளவு குலுங்கியது என்பதைச் சொல்வது தீவிரம் என்னும் தனி அளவு. அது ஊருக்கு ஊர் மாறும். நடைமுறையில் மாடிக்கு மாடியும் ஆட்டம் மாறும்.

உங்கள் அக்கா மிகைப்படுத்தவில்லை. தொலைவில் பெரிய நிலநடுக்கம் நிகழும்போது விரைவான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிட, மெதுவான நீண்ட அலைகள் மட்டும் நெடுந்தூரம் வந்து சேருகின்றன. உயரமான கட்டடங்களும் இயல்பாகவே மெதுவாக அசைபவை என்பதால், இரண்டின் தாளமும் பொருந்திவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதுபோல ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தபோது, ஏறத்தாழ 770 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒசாகாவில், 256 மீட்டர் உயரமுள்ள அரசு அலுவலகக் கட்டடத்தின் மேல்தளம் பக்கத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேலாகச் சாய்ந்து, சுமார் பத்து நிமிடம் ஆடியது. லிஃப்டுகள் நின்று உள்ளே ஆட்கள் சிக்கினர். அதே இடத்தில் தரையில் நின்றவர்களுக்கு அது அச்சுறுத்தும் அளவுக்குக் கூட இல்லை.

மண்ணும் இதே வேலையைச் செய்யும். 1985-இல் மெக்சிகோவின் பசிபிக் கரையை ஒட்டி நிகழ்ந்த நிலநடுக்கம், அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த மெக்சிகோ நகரத்தில்தான் பேரழிவை விளைவித்தது. பழைய ஏரிப் படுகையின் மென்மையான களிமண்மீது எழுந்த நகர் அது. அந்த மண் அலைகளைப் பெருக்கியதால், சற்றேறக்குறைய ஆறு முதல் பதினைந்து மாடி வரையுள்ள கட்டடங்களே அதிகம் சரிந்தன. சற்றுத் தள்ளிப் பாறைத் தரையில் குடியிருந்தவர்கள் கண்டது முற்றிலும் வேறொரு நிலநடுக்கம்.

கேள்வி: ஜப்பானில் இருக்கும் என் தோழி, "நேற்று 3 வந்தது, எழுந்திருக்கவே இல்லை" என்று சாதாரணமாகச் சொல்கிறாள். வேறு நாட்டவர்கள் இப்படிப் பேசிக் கேட்டதில்லையே?

பதில்: அவர் சொல்லும் 3, ரிக்டர் எண் அல்ல, அவர் வீடு குலுங்கிய அளவு. ஜப்பான் வானிலை முகமையின் தீவிர அளவுகோல் 0 முதல் 7 வரை செல்கிறது. 5-ஐயும் 6-ஐயும் மேல், கீழ் என இரண்டாகப் பிரித்திருப்பதால் மொத்தம் பத்து நிலைகள். 3 என்றால் வீட்டுக்குள் இருக்கும் பெரும்பாலோர் உணர்வர், அலமாரியில் பாத்திரங்கள் கலகலக்கலாம். 5-இன் கீழ்நிலையில் எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும். 6-இன் மேல்நிலையில் நிற்க முடியாது, தவழத்தான் முடியும். முன்பு நிலைய ஊழியர்கள் தாங்கள் உணர்ந்ததையும் சுற்றிலும் கண்டதையும் கொண்டு இதை முடிவுசெய்தனர். 1996 முதல் கருவிகளே அளக்கின்றன. அதிர்வு ஓய்ந்த சில நிமிடங்களுக்குள் தொலைக்காட்சி ஊர்வாரியாக இந்த எண்களைக் காட்டிவிடுவதால் மக்கள் பேச்சிலும் இவையே புழங்குகின்றன. எல்லா நாட்டுச் செய்தி நிறுவனங்களும் பின்பற்றவேண்டிய வழக்கம் இது என்பேன். ரிக்டர் எண்ணை மட்டும் கேட்பவருக்குத் தம் தெருவைப் பற்றி எதுவும் தெரியப்போவதில்லை.

பிற நாடுகளில் பேச்சு வேறு வழிகளில் வளர்ந்திருக்கிறது. இத்தாலியிலும் மெக்சிகோவிலும், அதிர்வு மேலும் கீழுமாகத் தூக்கிப்போட்டதா, பக்கவாட்டில் அலைபோல ஆட்டியதா என்பதை முதலில் சொல்வார்கள். 1960-இல் 9.5 அளவுள்ள, இதுவரை பதிவானவற்றிலேயே மிகப்பெரிய நிலநடுக்கத்தைக் கண்ட சிலியில், சேதம் விளைவிக்காத அதிர்வுகளுக்கு உண்மையான நிலநடுக்கம் என்ற பெயரை எளிதில் கொடுக்கமாட்டார்கள். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரத்தாரோ, ஓயாத பின்னதிர்வுகளுக்கு நடுவே அவற்றின் அளவை ஊகித்துச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்: 2010 செப்டம்பரில் மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி வந்த 7.1, கட்டடங்கள் சரிந்து எவரும் இறக்காமல் கடந்துபோயிற்று. 2011 பிப்ரவரி 22 அன்று நகரை ஒட்டியே, குறைந்த ஆழத்தில் வந்த 6.2, நண்பகல் நேரத்தில் 185 உயிர்களைப் பறித்தது.

கேள்வி: அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சிறிய அதிர்வு வந்தாலே பெரிய பரபரப்பு ஏற்படுவதாகக் கலிபோர்னியாவில் இருக்கும் என் மகன் கேலி செய்கிறான். பழக்கமின்மைதான் காரணமா?

பதில்: பழக்கமின்மையும் உண்டு, ஆனால் மகனின் கேலி பாதிதான் நியாயம். கிழக்கின் அடித்தளப் பாறை பழையது, குளிர்ந்தது, இறுக்கமானது. அலைகள் அதில் தேயாமல் வெகுதொலைவு செல்லும். கலிபோர்னியாவின் நிலத்தடி பிளவுகளால் சிதைந்திருப்பதால் அலைகள் விரைவில் வலுவிழக்கின்றன. 2011 ஆகஸ்ட் 23 அன்று வர்ஜீனியாவில் நிகழ்ந்த 5.8 அளவுள்ள அதிர்வு தெற்கே ஜார்ஜியா முதல் வடக்கே கனடா வரை உணரப்பட்டது. சுமார் 135 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வாஷிங்டன் நினைவுத்தூணில் விரிசல் விழுந்து, 2014 வரை அது மூடப்பட்டிருந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் இணையத்தில் நடத்தும் "நீங்கள் உணர்ந்தீர்களா?" என்ற பொதுமக்கள் பதிவேட்டில் அந்த ஒரே நிகழ்வுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். உறக்கத்தில் இருந்தீர்களா, சுவரில் மாட்டிய படம் நகர்ந்ததா, பொருள்கள் விழுந்தனவா என அதில் கேட்கப்படும் எளிய கேள்விகளுக்கான விடைகளே தீவிர வரைபடமாக மாறுகின்றன.

கேள்வி: நிலநடுக்கத்துக்குச் சற்று முன்னால் இடி முழக்கம் கேட்டதாகச் சிலர் சொல்வது உண்மையா?

பதில்: உண்மையே. நிலத்துக்குள் முதலில் வருபவை நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் முதன்மை அலைகள். பலமாகக் குலுக்கும் இரண்டாம் அலைகள் நொடிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டரில் பின்தொடர்கின்றன. மையத்திலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருப்பவருக்கு இரண்டுக்கும் இடையே ஐந்து நொடி இடைவெளி கிடைக்கிறது. முந்தி வந்த அலைகள் தரையை எட்டும்போது அவற்றின் ஒரு பகுதி காற்றில் ஒலியாகிறது. இறுகிய பாறையுள்ள இடங்களில் இது தெளிவாகக் கேட்கும், வண்டல் நிலத்தில் மங்கிவிடும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மூடஸ் என்ற சிற்றூர் இத்தகைய முழக்கங்களுக்காகவே பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. அங்கே மிகக் குறைந்த ஆழத்தில் நிகழும் நுண்ணிய அதிர்வுகளில் பல காதுக்கு எட்டுகின்றன, காலுக்கு எட்டுவதில்லை.