அந்தச் சாடியை விடுங்கள், பக்கத்துச் சாடியைப் பாருங்கள்

கேள்வி: விறாந்தையில் இருந்த குட்டிக் கற்றாழையில் இரண்டு இலையை எங்கள் நான்கு மாத நாய்க்குட்டி சப்பித் துப்பிவிட்டது. கற்றாழை நாய்க்கு நஞ்சு என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். எறிந்துவிடவா? படம் அனுப்பியிருக்கிறேன். அதே தட்டில் கலஞ்சோ, அடேனியம் என்ற பூச்செடிகளும்கூட இருக்கின்றன.
வாசகி, கிளிநொச்சி

பதில்: எறியவேண்டாம் தங்கச்சி. படத்தில் இருப்பது கற்றாழையே இல்லை, ஹவோர்தியா. தென்னாபிரிக்கச் செடி, நாய்க்கு நஞ்சில்லாதது. இலையின் முதுகில் ஓடும் வெள்ளை வரிகளைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். விற்பவர்கள் கூர் இலையுள்ள எல்லாவற்றையும் குட்டிக் கற்றாழை என்றே தலையில் கட்டிவிடுகிறார்கள். இன்னும் சந்தேகமென்றால் ஒரு இலையை அடியில் வெட்டுங்கள். கற்றாழையென்றால் தோலுக்குக் கீழிருந்து மஞ்சள் பால் கசியும்.

அக்கா சொன்னதிலும் பிழையில்லை. நாங்கள் தலைக்கு வைக்கும் கற்றாழையில் அந்த மஞ்சள் பால்தான் வில்லங்கம். நாய் தின்றால் சத்தி, வயிற்றோட்டம், சோர்வு வரும்.

என்னைப் பயப்படுத்தியது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரி. கலஞ்சோவிலும் அடேனியத்திலும் இருப்பது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. முதலில் சத்தி, வயிற்றோட்டம். கூடத் தின்றிருந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். கலஞ்சோவில் பூவில்தான் நஞ்சு அதிகம், குட்டிகளின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். இரண்டையும் இன்றைக்கே எட்டாத உயரத்தில் தூக்கிவிடுங்கள். வேலியில் சதுரக்கள்ளி நின்றால் அதன் பாலும் வாயையும் கண்ணையும் எரிக்கும்.

இன்னொன்று, எங்கள் பக்கத்து வழக்கம்: வயலுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தைப் பூச்சாடிக்கும் ஒரு வீச்சு வீசுவது. யூரியாவிலும் ஒரு பிடி போடுவது. அப்படிச் செய்தால் ஹவோர்தியாவும் நஞ்சுதான், செடியின் குற்றமில்லை. பல் முளைக்கும் வயதில் குட்டி எதையாவது சப்பத்தான் செய்யும். பழைய துணியை முடிச்சுப் போட்டு நனைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

இப்போதைக்குக் குட்டி ஓடியாடித் தின்றால் ஒன்றும் செய்யவேண்டாம். எப்போதாவது நஞ்சுச் செடியைக் கடித்தால் வாயில் மிச்சமிருப்பதை எடுத்து, தண்ணீரால் கழுவுங்கள். சத்தி எடுக்கட்டும் என்று உப்புத்தண்ணீர் பருக்கவே கூடாது. அந்த உப்பே நாய்க்கு நஞ்சாகிவிடும். கலஞ்சோ, அடேனியம் என்றால் விடியட்டும் என்று பார்த்திருக்காமல் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். போகும்போது கடித்த செடியில் ஒரு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 'ஏதோ கள்ளி மாதிரி ஒன்று' என்றால் அவரால் ஒன்றும் ஊகிக்க முடியாது.