சாவியை யாரிடம் கொடுப்பது? சின்ன சபைப் போதகர்களின் கேள்விகளும் பதில்களும்

வியாசர்பாடியில் ஒரு வாடகை மாடியில் 60 பேர் கூடும் சபைக்கு 22 வருடமாகப் போதகராக இருக்கிறேன். பெரிய சபை நடத்துவது பற்றி எனக்கு எதுவும் தெரியாது, கேட்காதீர்கள். சின்ன சபையில் செய்யக்கூடிய தப்புகளில் முக்கால்வாசியைச் செய்து முடித்துவிட்டேன், அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

ஆவடியிலிருந்து ஒரு தம்பி: ஐயா, எங்கள் சபையில் 40 பேர். பாய் விரிப்பதிலிருந்து பிரசங்கம் வரை எல்லாம் நான்தான். பொறுப்பைக் கொடுத்தாலும் யாரும் எடுப்பதில்லை.

உண்மையிலேயே கொடுத்தீர்களா தம்பி, இல்லை கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று திருத்திக்கொண்டிருந்தீர்களா? நான் இரண்டாவது ரகம். சபைக்கு இருந்தது ஒரே சாவி, அது என் பைக் சாவியோடு தொங்கும். ஒரு ஞாயிறு காலை புளியந்தோப்பில் ஒரு வீட்டில் அவசரமாக ஜெபிக்கக் கூப்பிட்டார்கள் என்று போனேன், திரும்பும்போது நல்ல மழை, கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர். சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, ஜனங்கள் மாடிப்படியில் நின்றபடியே பாட ஆரம்பித்திருந்தார்கள். ஈரப் புடவையோடு நின்ற ஒரு வயதான அம்மா, "பாஸ்டர், இன்னொரு சாவி போட எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே மூன்று சாவி போட்டேன். முதல் சாவியை, பொறுப்பு வந்தால் திருந்துவார் என்ற நினைப்பில், எப்போதும் லேட்டாக வரும் ஒரு ஆட்டோக்காரத் தம்பியிடம் கொடுத்தேன். அவர் திருந்தவில்லை. அப்புறம் பூக்கடை அக்காவுக்கு மாற்றினேன். விடியற்காலையில் கோயம்பேடு போய்ப் பூ வாங்கி வருகிறவர், இப்போது ஏழு மணிக்கே சபை கூட்டித் துடைத்துத் திறந்து கிடக்கிறது. ஆளைத் திருத்துவதற்காகப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே சொல்லாமல் செய்துகொண்டிருப்பவரிடம் கொடுங்கள். பைபிளில் யாத்திராகமம் 18ல் மாமனார் எத்திரோ மோசேயிடம் ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்து பத்துப் பேருக்கும் ஒரு தலைவர் வேண்டும் என்கிறார். உங்களிடம் நாலு பத்து இருக்கிறதே. பாய், சாவி, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது என்று தொடங்குங்கள். முதல் மூன்று மாதம் கோணல்மாணலாகத்தான் நடக்கும், வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

கொளத்தூரிலிருந்து: காணிக்கைக்கு என் ஜிபே நம்பரைத்தான் சுவரில் ஒட்டியிருக்கிறோம். எல்லாருக்கும் என் மேல் நம்பிக்கை உண்டு. மாற்றத்தான் வேண்டுமா?

இன்றைக்கே கிழித்துவிடுங்கள். நம்பிக்கை இருக்கும்போதே மாற்றினால் அது ஒழுங்கு, பேச்சு கிளம்பிய பிறகு மாற்றினால் பயந்துவிட்டார் என்பார்கள். உங்கள் வீட்டு நகைக்கடன் வட்டியும் சபை வாடகையும் ஒரே பாஸ்புக்கில் இருந்தால், நாளைக்கு வருமான வரியில் கேட்டால் உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. டிரஸ்டாகவோ, 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகவோ பதிவு செய்யுங்கள். அதன் பெயரிலேயே பான் கார்டு, வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. வெளிநாட்டு அமைப்பு ஏதாவது பணம் அனுப்புகிறேன் என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான அனுமதி இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

வாராவாரம் எண்ணுவதைப் பொறுத்தவரை, ஆராதனை முடிந்ததும் அங்கேயே, எல்லார் கண்ணெதிரிலும், ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணி நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நீங்கள் பையைத் தொடவே வேண்டாம். 2 கொரிந்தியர் 8ஐ எடுத்துப் படியுங்கள், எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை, சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் சேர்த்துக்கொள்கிறார், யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்று காரணத்தையும் எழுதிவிடுகிறார்.

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரர்: கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று போலீசுக்குப் போகப்போகிறாராம். இது விசுவாசத்துக்காக வரும் உபத்திரவம்தானே?

இல்லை பிரதர், இது ட்ரம்ஸ். நம்ம ஊரிலேயே மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2000 ஆகஸ்டில் தீர்ப்பு சபைக்கு எதிராகத்தான் வந்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45, இதுதான் வரம்பு. ஒரு ட்ரம் செட் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். நாங்கள் அதை விற்றுவிட்டுத் தபேலாவுக்கு மாறினோம், ஸ்பீக்கரைச் சன்னலுக்கு முதுகு காட்ட வைத்தோம்.

ஆனால் முதலில் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் கீழ்வீட்டு அண்ணனிடம் போனபோது அவர் சத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை, நம் ஆட்கள் பைக்கை நிறுத்துகிற நிறுத்தில் ஞாயிற்றுக்கிழமை தண்ணி லாரி தெருவுக்குள் வர முடியவில்லை என்பதுதான் அவருடைய ஆத்திரம்.

தாம்பரத்திலிருந்து: அதிகம் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கொடுக்கிற சபை மூப்பர், தன் மகன்தான் கீபோர்டு வாசிக்க வேண்டும் என்கிறார். பையனுக்குத் தாளமே நிற்காது.

யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது? அங்கேதான் கோளாறு. எண்ணுகிறவர்களோடு அந்தக் கணக்கு நிற்கட்டும். மூப்பரைத் தனியாகப் பார்த்து, "ஐயா, தம்பி ஆறு மாதம் கற்றுக்கொள்ளட்டும், வாலிபர் கூட்டத்தில் வாசித்துப் பழகட்டும்" என்று நேராகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வரமாட்டார். பொதுவாகத் திரும்பி வருவார்கள். வராவிட்டாலும் வாடகையை எப்படியாவது கட்டிவிடலாம்.

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு பாஸ்டரம்மா: நான் வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் டீயும் நானே போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

போடாதீர்கள் சிஸ்டர். ஒரு வாரம் டீ இல்லாமல் போனால் அடுத்த வாரம் யாராவது பிளாஸ்க்கோடு வருவார்கள். பாஸ்டரிடமும் இதைக் காட்டுங்கள், அவர் போட்டாலும் டீ கொதிக்கும்.

எண்ணூரிலிருந்து: ஊழியத்தோடு வேலையும் பார்க்கலாமா?

தாராளமாக. பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார், நான் எட்டு வருடம் கூரியர் கொடுத்தேன்.

கடைசியாக, பெயர் போடாத ஒருவர்: பிரசங்கம் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

நாற்பது நிமிடம். கரண்ட் போய் ஃபேன் நின்றால் பதினைந்து.