பூட்டிய பீரோவுக்குள் இன்ஹேலர்: ஆஸ்துமாவும் பள்ளியும், வாசகர் கேள்வி பதில்

என் மகனுக்கு 8 வயது. மற்ற பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள் என்று சொல்லி, அவன் இன்ஹேலரைப் பள்ளியில் அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பையிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா?

வைத்துக்கொள்ள வேண்டும். வீசிங் மைதானத்தில் வரும், சாவி மாடியில் யார் கையிலோ இருக்கும். தேடி எடுத்து வருவதற்குள் இளைப்பு ஏறிவிடும்.

பள்ளியின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. உடனடி நிவாரணத்துக்குத் தரும் சால்புட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு (குப்பியை ஒருமுறை அழுத்துவது) வழக்கமாக 100 மைக்ரோகிராம் மருந்துதான் வரும். ஆஸ்துமா இல்லாத பிள்ளை விளையாட்டாக ஓரிரு பஃப் இழுத்துவிட்டால் நெஞ்சு படபடக்கும், கை லேசாக நடுங்கும். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அவசரத்தில் மருந்து கைக்கு எட்டாமல் போவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இரண்டு இன்ஹேலர் வாங்குங்கள். ஒன்று பையில், இன்னொன்று ஸ்பேசரோடு (இன்ஹேலரைச் செருகி மருந்தை மூச்சோடு இழுக்க உதவும் பிளாஸ்டிக் குழாய்) வகுப்பாசிரியரிடம், பூட்டாத இடத்தில். பெயர், வகுப்பு, காலாவதி மாதம் மூன்றையும் அட்டைப்பெட்டியில் எழுதாமல் இன்ஹேலரின் மேலேயே ஒட்டுங்கள். பெட்டி முதல் வாரமே குப்பைக்குப் போய்விடும். விளையாட்டுப் பீரியடில் பை வகுப்பிலேயே கிடக்கும் என்பதையும் யோசியுங்கள். அந்த நேரத்தில் இன்ஹேலர் பி.டி. ஆசிரியரோடு மைதானத்துக்குப் போக வேண்டும். ஆனால் வெயிலில் வைக்கக் கூடாது, உள்ளே இருப்பது அழுத்தமேற்றிய குப்பி.

நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் பிள்ளைக்குத் திடீரென்று இளைப்பு வந்தால் வரிசையாக என்ன செய்ய வேண்டும்?

முதலில் உட்கார வையுங்கள். நிமிர்ந்து, சற்றே முன்னால் சாய்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றினால் மூச்சு விடுவது எளிது. படுக்க வைக்காதீர்கள். ஓய்வறைக்கு நடத்திக்கொண்டும் போகாதீர்கள். பிள்ளை இருக்கிற இடத்துக்கு மருந்து வரட்டும். ஒரு நிமிடம்கூடத் தனியாக விட வேண்டாம்.

இன்ஹேலரின் மூடியைக் கழற்றியதும் உள்ளே எட்டிப் பாருங்கள். பையில் மூடியில்லாமல் புரண்ட இன்ஹேலருக்குள் பென்சில் சீவலோ மணியோ புகுந்திருக்கலாம். அப்படியே அழுத்தினால் அது தொண்டைக்குப் போகும். நன்றாகக் குலுக்கி ஸ்பேசரின் பின்பக்கம் செருகுங்கள். புதிய இன்ஹேலர் என்றாலோ, இரண்டு வாரமாகத் தொடாதது என்றாலோ, முதலில் சில முறை காற்றில் அடித்துவிட வேண்டும். பிள்ளை ஸ்பேசரின் வாயைப் பற்களுக்கிடையே வைத்து உதட்டால் சுற்றிலும் மூடட்டும். இப்போது ஒரே ஒரு பஃப். 4 முறை சாதாரணமாக இழுத்து விடட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால்வு அசைவதைப் பார்க்கலாம். அசையவில்லை என்றால் உதடு சரியாக மூடவில்லை. மறுபடி குலுக்கி அடுத்த பஃப். இப்படி மொத்தம் 4.

அடுத்து கடிகாரத்தைப் பார்த்து 4 நிமிடம் காத்திருங்கள். குறையாவிட்டால் இன்னும் 4 பஃப். அதற்கும் குறையாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வந்து சேரும்வரை 4 நிமிடத்துக்கு ஒருமுறை 4 பஃப் தொடரட்டும். ஆஸ்திரேலியாவில் பரவலாகச் சொல்லித்தரப்படும் முறை இது. பிள்ளையின் டாக்டர் வேறு கணக்கு எழுதித் தந்திருந்தால் அதன்படி செய்யுங்கள்.

இதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, அவசரத்தில் நான்கு பஃப்பையும் ஒரேயடியாக ஸ்பேசருக்குள் அடித்துவிடுவது. மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருத்து ஸ்பேசரின் சுவரில் படிந்துவிடும், நுரையீரலுக்குப் போவது குறையும். மற்றது, ‘அதிகம் கொடுத்துவிட்டோமோ’ என்று பயந்து ஆம்புலன்ஸ் வரும் முன்பே நிறுத்திவிடுவது.

சில அறிகுறிகள் தெரிந்தால் 4 நிமிடமெல்லாம் காத்திருக்க வேண்டாம், முதலிலேயே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள்: ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாதது, மூச்சை இழுக்கும்போது தொண்டைக்குழியும் விலா இடுக்குகளும் உள்ளே ஒடுங்குவது, உதடு நீலம் பூப்பது, பிள்ளை சோர்ந்து கண் செருகுவது. ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவு நேரம் கேட்ட இழுப்புச் சத்தம் நின்று, பிள்ளை மட்டும் இன்னும் திணறினால் அது குணமல்ல. சத்தம் எழும்பக்கூடப் போதிய காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

சரியாகிவிட்டாலும் அன்றே பெற்றோருக்குச் சொல்லுங்கள். சால்புட்டமாலின் பலன் 4 முதல் 6 மணி நேரம்தான்; வீட்டுக்குப் போனபின் மறுபடி ஏறலாம்.

பள்ளிக்கு ஒரு நெபுலைசர் வாங்கித் தரப் பெற்றோர் சங்கத்தில் பேசுகிறோம். அதுதானே சக்தி வாய்ந்தது?

பெரிய மெஷின், புகை, சத்தம் எல்லாம் சேர்ந்து அப்படி ஒரு நம்பிக்கையைத் தருகிறது. சாதாரண, நடுத்தர இளைப்புக்கு ஸ்பேசரோடு இன்ஹேலரும் அதே பலனைத் தரும். மின்சாரமும் வேண்டாம், பத்து நிமிடம் மாஸ்க் பிடிக்கவும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஸ்பேசர்கள் வாங்குங்கள், எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு மணி நேரம் செய்து பார்க்கும் பயிற்சி கொடுங்கள்.

மகள் ஓடினால் இரைக்கிறது. விளையாட்டிலிருந்து விலக்குக் கடிதம் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். ஓடும்போது வாயால் வேகமாக மூச்சு விடுவதில் மூச்சுக்குழாயின் ஈரம் வற்றுகிறது, குழாய் சுருங்குகிறது. பல பிள்ளைகளுக்கு ஓட்டம் நின்று 5, 10 நிமிடம் கழித்துத்தான் இரைப்பு உச்சத்துக்கு வரும். வகுப்புக்குத் திரும்பி பெஞ்சில் உட்கார்ந்த பிறகு இருமுகிற பிள்ளையை ‘நடிக்கிறாள்’ என்று சொல்வது இது தெரியாததால்தான்.

டாக்டர் சொல்லியிருந்தால் விளையாட்டுக்கு 10, 15 நிமிடம் முன்பாக 2 பஃப் எடுக்கட்டும். எடுத்த எடுப்பில் வேகமாக ஓடாமல், நடை, மெல்லோட்டம், இடையிடையே குறுகிய வேக ஓட்டம் என்று 10 நிமிடம் உடம்பைச் சூடாக்கட்டும். ஒவ்வொரு பி.டி. பீரியடிலும் இரைப்பு வருகிறது என்றால் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்து போதவில்லை. அதை டாக்டரிடம் கேளுங்கள். போட்டிகளில் தடையாகுமோ என்றும் சிலர் கவலைப்படுகிறார்கள். சர்வதேச ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவே உள்ளிழுக்கும் சால்புட்டமாலை 24 மணி நேரத்துக்கு 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மிகாமல், அனுமதிக்கிறது.

தினமும் போடும் ஸ்டீராய்டு இன்ஹேலரால் வளர்த்தி நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது. அதையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமா?

அது வீட்டு மருந்து. காலையும் இரவும் பல் தேய்க்கும் நேரத்தோடு சேர்த்துப் போட்டு வாய் கொப்பளித்தால் போதும். கொப்பளிக்காவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படியலாம். தொடங்கிய முதல் ஓரிரு வருடங்களில் வளர்ச்சி சற்றுக் குறையலாம், பெரியவர்களானபின் உயரத்தில் சுமார் 1 செ.மீ. வித்தியாசம் இருக்கலாம். கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைத் தடுக்கத்தான் செய்யும். வாரத்தில் 2 நாளுக்கு மேல் நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, இரவில் இருமி எழுந்தாலோ, தடுப்பு மருந்தைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய நேரம்.

நிறத்தை வைத்து ‘நீலம் நிவாரணம்’ என்று மட்டும் பள்ளிக்குச் சொல்லாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், சில பிள்ளைகளுக்கு ஒரே இன்ஹேலர் இரண்டு வேலைக்கும் எழுதப்படும். மருந்தின் பெயரைப் படித்துக் காட்டுங்கள்.

குப்பியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறதா என்று பார்த்து மருந்து தீர்ந்ததைக் கண்டுபிடிக்கலாமா?

கூடாது. மருந்து தீர்ந்தபிறகும் உந்துவாயு மிச்சம் இருக்கும், ‘புஸ்’ என்று அடிக்கவும் செய்யும், மிதப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எண்காட்டி உள்ளதை வாங்குங்கள். இல்லாவிட்டால் குப்பியில் போட்டிருக்கும் எண்ணிக்கையைப் பார்த்து (பெரும்பாலும் 200) ஒவ்வொரு பஃப்பையும் கோடு போட்டுக் கணக்கு வையுங்கள்.

ஸ்பேசரை மாதம் ஒருமுறை, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, உதறி, தானாகக் காயவிடுங்கள். உள்ளே துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாய் வைக்கும் இடத்தை மட்டும் துடைக்கலாம்.

ஆஸ்துமா என்று இதுவரை தெரியாத பிள்ளைக்கு வகுப்பில் இளைப்பு வந்தால்?

உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். பள்ளியில் பொது இன்ஹேலர் இருந்தால் அதே 4 பஃப் கணக்கைத் தொடங்குங்கள், அதனால் கெடுதல் வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் உடம்பில் தடிப்பு, முகமோ நாக்கோ வீங்குவது, வாந்தி ஆகியவற்றோடு திணறினால், அதுவும் ஏதோ சாப்பிட்ட அல்லது பூச்சி கடித்த சிறிது நேரத்தில் என்றால், அது கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி; பிள்ளைக்கென்று எழுதித் தந்த ஊசி கையில் இருந்தால் அதைப் போட்டுவிட்டுத்தான் இன்ஹேலர்.