எத்தனை கரண்டி வினாகிரி என்று கேட்டீர்கள், கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தீர்களா?

கேள்வி: ஐயா, நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். லொறியில் கொண்டுவந்து விற்றவரிடம் ஒரு மாதக் குஞ்சு 20 வாங்கினேன், எல்லாம் முட்டைக்கோழி என்றார். இரண்டு கிழமைக்குள் 7 செத்துவிட்டது. மற்றதும் இறகைச் சிலுப்பிக்கொண்டு மூலையில் நிற்கிறது, எச்சம் செம்மண் நிறத்தில் போகிறது. ஒரே மழையும் குளிரும் என்பதால் கூட்டைச் சுற்றிச் சாக்கும் பொலித்தீனும் கட்டி, உள்ளே பல்பும் போட்டிருக்கிறேன். டவுன் கடையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்துப் பவுடரும் வைட்டமினும் தந்தார்கள், கேட்கவில்லை. வினாகிரி கொடுத்தால் நின்றுவிடும் என்று தம்பி போனில் காட்டினான். அன்னாசித் தோல், கனிந்த வாழைப்பழம், சீனி எல்லாம் போட்டு, பெரிய சோடாப் போத்தலில் மூடி வைத்து 12 நாள் ஆகிறது. மேலே வெள்ளையாக ஏடு கட்டியிருக்கிறது, கள் வாசம் அடிக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு எத்தனை கரண்டி விடவேண்டும்? தகர வாளியில் கலந்து வைக்கலாமா?

பதில்: தங்கச்சி, கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நன்றாக முற்றிய வினாகிரி என்றால் லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி. அதற்கு மேல் விட்டால் புளிப்புக்குப் பயந்து குஞ்சு தண்ணீரையே விட்டுவிடும். நோயில் கிடக்கும் குஞ்சு தண்ணீரும் குடிக்காவிட்டால் அன்றோடு சரி. தகர வாளி வேண்டவே வேண்டாம். அதன் மேல்பூச்சு துத்தநாகம். புளிப்புப் பட்டால் அது கரைந்து தண்ணீரில் இறங்கும், கோழிக்கு நஞ்சு. பிளாஸ்டிக்கிலோ மண் சட்டியிலோ வையுங்கள்.

ஆனால் இப்போதைக்கு அந்தப் போத்தலைக் கூட்டுப் பக்கம் கொண்டுபோகவேண்டாம். மஸ்கெலியாக் குளிரில் 12 நாளில் வினாகிரி வராது. கள் வாசம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது இன்னும் கள்தான். வயிற்றுப்போக்கில் கிடக்கும் குஞ்சுக்குக் கள் ஊற்றுவானேன்? அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் குஞ்சுகளைப் பிடித்திருப்பது வினாகிரிக்கு அசைகிற வியாதி இல்லை.

ஆறு கிழமை வயது, சிலுப்பல், செம்மண் நிற எச்சம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இரத்தக் கழிச்சல் என்றுதான் படுகிறது. வைத்தியர்கள் கொக்சிடியோசிஸ் என்பார்கள். குடல் சுவருக்குள் புகுந்து பெருகும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. அது எச்சத்தோடு வெளியே வரும்போது தடித்த உறைக்குள் முட்டைபோல் வருகிறது. சாதாரணக் கிருமிநாசினிகளே அந்த உறையைத் தொடுவதில்லை. கோழியின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் நீங்கள் கலக்கும் கரண்டி வினாகிரியைவிடப் பல மடங்கு கடுமையானது. அதைத் தாண்டித்தான் இந்த ஒட்டுண்ணி ஒவ்வொரு முறையும் குடலுக்குப் போகிறது.

ஆகவே நாளைக்கே, முடியாவிட்டால் நாளை மறுநாள், புதிதாகச் செத்த குஞ்சு ஒன்றையோ அன்றைய எச்சத்தையோ பையில் கட்டிக்கொண்டு அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். இரத்தக் கழிச்சல்தான் என்று சொன்னால் பெரும்பாலும் அம்புரோலியம் எழுதித் தருவார்கள். அவர்கள் சொன்ன அளவில், சொன்ன நாள் முழுக்க, அந்த மருந்துத் தண்ணீரை மட்டும் வையுங்கள். பக்கத்தில் வேறு தண்ணீர் இருக்கக்கூடாது. அந்த நாட்களில் கடைக்காரர் தந்த வைட்டமினை நிறுத்திவிடுங்கள். அம்புரோலியம் பார்வைக்கு பி1 வைட்டமின் மாதிரி. ஒட்டுண்ணி ஏமாந்து அதை எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகிறது. நீங்கள் நிஜமான பி1-ஐயும் சேர்த்துக் கொடுத்தால் அதற்குச் சாப்பாடு போட்ட மாதிரி. அந்த மஞ்சள் நிறப் பவுடர் பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். டெட்ராசைக்கிளின் என்று இருந்தால் அது பாக்டீரியாவுக்கு உள்ள மருந்து, இந்த வியாதிக்கு உரியதில்லை. கழிச்சல் என்று யார் வந்தாலும், என்ன நிறம் என்றுகூடக் கேட்காமல் அதே பாக்கெட்டை நீட்டுகிற கடைகள் ஏராளம். அவர்களுக்கு அது மருந்து இல்லை, சரக்கு.

சரி, இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் குத்தியது போத்தல் இல்லை, பொலித்தீன்.

மலைநாட்டில் கோழி வளர்க்கிற எல்லோரும் குளிருக்குப் பயப்படுகிறோம். நானும் பயந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆனி மாத மழையில், வீட்டில் வளர்த்த 50 குஞ்சுகளுக்கு நான்கு பக்கமும் பொலித்தீன் கட்டி, பெருமையாகப் பல்பும் தொங்கவிட்டேன். 30-ஐப் புதைத்தேன். ஆறு கிழமைக் குஞ்சுக்கு இறகு வந்துவிட்டது, உலர்ந்த இடத்தில் நின்றால் ஓரளவு குளிரைத் தாங்கும். ஈரத்தைத் தாங்காது. கோழி தின்பதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கிறது, அதில் பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வந்துவிடும். நான்கு பக்கமும் அடைத்தால் அந்த ஈரம் எங்கே போகும்? பொலித்தீனில் வியர்வையாகப் பிடித்து, சொட்டுச் சொட்டாகக் கூட்டுத் தரையில் பரப்பிய படுக்கையிலேயே விழும்.

இதோடு பல்பு வேறு. எச்சத்தில் வந்த அந்த உறை உடனே நோயைத் தராது. ஓரிரு நாள் வெளியே கிடந்து முற்றவேண்டும், அதற்கு ஈரமும் இளஞ்சூடும் காற்றும் வேண்டும். குளிர்ந்த மலையில் அப்படி ஓர் இடம் எளிதில் அமையாது. பல்புக்குக் கீழே தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து நாம்தான் அமைத்துக் கொடுக்கிறோம். எல்லாக் குஞ்சும் கூடி நிற்பதும் அந்த மூலையில்தான்.

கூட்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி படுக்கையை எடுத்து அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி நின்றால் அதுதான் உங்கள் 7 குஞ்சையும் கொன்றது. மூக்கைக் குஞ்சு நிற்கும் உயரத்துக்குக் கொண்டுபோய் மூச்சு இழுங்கள். கண் கரித்தால் அவற்றுக்கு இரவு முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

பழைய படுக்கை முழுவதையும் வாரி, கோழி மேயாத இடத்தில் குவித்து மூடுங்கள். மக்கினால் மரக்கறிப் பாத்திக்கு ஆகும். கூடு இஸ்தோப்புத் திண்ணைச் சுவரை ஒட்டியோ தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்திலோ இருந்தால் இடம் மாற்றுங்கள், நிலத்திலிருந்து ஓர் அடியாவது தூக்கி வையுங்கள். கூரைத் தகரம் இரண்டு அடி வெளியே நீளட்டும், சாரல் உள்ளே வரக்கூடாது. சாக்கைக் குஞ்சின் தலை உயரம் வரை கட்டுங்கள், அதற்கு மேலே கம்பிவலை மட்டும். கீழே காற்று அடிக்காது, மேலே ஈரம் போய்விடும். உங்கள் பக்கம் உமி தேடி அலையவேண்டாம், தச்சுப் பட்டறையில் இழைப்புச் சீவல் கேளுங்கள். மருந்து அடித்த பலகையின் சீவல் வேண்டாம். நான்கு அங்குலம் போட்டு ஒன்றுவிட்டு ஒரு நாள் கிளறுங்கள். மானாப்புல்லு போடாதீர்கள், பாய் மாதிரிப் படிந்து அடியில் புழுங்கும். தண்ணீர்ப் பாத்திரம் பல்புக்கு எதிர் மூலையில், குஞ்சின் முதுகு உயரத்தில் கல் மேல் இருக்கட்டும். அதன் கீழே மட்டும் சீவல் வேண்டாம். ஒரு தட்டும் மேலே வலையும் வைத்தால் சிந்துவது தட்டில் போகும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்கிற வீட்டில் நான் இரத்தக் கழிச்சலை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கிருமியே இல்லாத கூடு வேண்டும் என்று மருந்து ஊற்றிக் கழுவத் தொடங்கிவிடாதீர்கள், அது நடக்காத காரியம். கோழி இருக்கிற இடத்தில் இந்த ஒட்டுண்ணியும் இருக்கும். உலர்ந்த படுக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். ஈரப் படுக்கையில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் போகிறது, அங்கேதான் சாவு.

இனி அந்தப் போத்தல். கொட்டிவிடாதீர்கள், கொஞ்சம் திருத்தினால் நல்ல வினாகிரி வரும். முதலில் மூடியை மெல்லத் தளர்த்துங்கள்; இறுக்கி வைத்த புளிப்பு வெடிக்கும். வினாகிரி இரண்டு கட்டமாக வருகிறது. முதலில் ஈஸ்ட் சீனியைக் கள்ளாக்கும், அதற்குக் காற்று தேவையில்லை. அப்புறம் வேறொரு பாக்டீரியா கள்ளைப் புளிப்பாக்கும், அது காற்று இல்லாமல் வேலை செய்யாது. வாய் குறுகிய போத்தலை மூடி வைத்தால் மாதக்கணக்கில் கள்ளாகவே நிற்கும். தோலையும் சக்கையையும் வடித்து, வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசி ஊற்றி, துணியால் கட்டுங்கள், பழ ஈ புகாமல். மேலே படியும் ஏடு வெள்ளையாக, வழுவழுப்பாக இருந்தால் பயமில்லை. பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரிப் பூத்தால் அது பூஞ்சணம், முழுவதையும் கொட்டுங்கள். உங்கள் பக்கக் குளிரில் இரண்டரை, மூன்று மாதம் பிடிக்கும். அடுப்படியில் புகை படாத தட்டில் வையுங்கள், அசைக்கவேண்டாம்.

அடுத்த முறை தோலை நம்பவேண்டாம், அளவோடு போடுங்கள். சீனி குறைந்தால் புளிப்பும் குறையும். தோல் உரித்த கனிந்த வாழைப்பழம் ஒரு கிலோ, கொதித்தாறின தண்ணீர் ஒன்றரை லீற்றர், சீனி 150 கிராம், பாண் போடும் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி. இது சரியான அளவு. பக்கத்துக் காம்பரா வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கசிப்புச் சாராயத்துக்குக் கோடா ஊறல் போடுகிறீர்கள் என்று யாராவது கதை கட்டினால் வினாகிரி என்று நம்பவைப்பது கஷ்டம்.

பொறுமையில்லாமல் கடையில் வாங்குவதானால் லேபலைப் பாருங்கள். மலிவாக விற்பதில் நிறைய, அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் சேர்த்தது. இறப்பர் பால் உறையவைக்கும் அசிட்டைக் கலந்து கோழிக்கு வைத்த புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன்; வாயும் தொண்டையும் வெந்துபோகும்.

கோழிக்கு வினாகிரியால் பயனே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. தண்ணீர்ப் பாத்திரத்தில் வழுக்கல் பிடிக்காது, சுகமாக இருக்கும் கோழிக்குக் கிழமையில் இரண்டு நாள் கொடுக்கலாம். மருந்து கலக்கும் நாட்களில் வேண்டாம். ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுப்பதானால் அதற்கு இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் நிறுத்துங்கள். அது உயிருள்ள மருந்து, புளிப்பில் கெட்டுவிடும். அந்தத் தடுப்பு மருந்து போட்டிருக்கிறதா என்று லொறிக்காரரைக் கேட்டீர்களா? கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். மிஞ்சிய குஞ்சு தேறியதும் மிருக வைத்தியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், தேறும் முன் போடாதீர்கள்.

அந்த லொறிக்காரரைப் பற்றி இன்னொன்று. பழுப்பு முட்டையிடும் கலப்பினத்தில் பிறந்த அன்றே நிறத்தில் பிரித்துவிடலாம்: பேடு பழுப்பு, சேவல் வெளிர் மஞ்சள். பண்ணைக்கு வேண்டாத சேவல் குஞ்சுதான் வீதியில் மலிவாக வருகிறது, சிலது சாயம் பூசிக்கொண்டும் வரும். மிஞ்சிய 13-ஐயும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இந்த வயதிலேயே கொண்டை பெருத்துச் சிவந்திருந்தால் அது சேவல். பாதிக்கு மேல் அப்படி இருந்தால் முட்டைக் கணக்கை விட்டுவிட்டு, தீபாவளிக் கறிக்கு வளருங்கள். ஜாடியும் கிட்டத்தட்ட அப்போதுதான் முற்றும், அச்சாறுக்கு ஆகும்.