அச்சடித்த கையேட்டில் இணைப்புகள் செத்துப்போவது பற்றி

வணக்கம். ஸ்பிங்ஸில் (எழுதியதை இணையப் பக்கமாகவும் பிடிஎஃப்பாகவும் ஆக்கித் தரும் மென்பொருள்) எழுதிய கையேட்டைத் தாளில் அச்சடித்தால் ‘நிறுவும் முறைக்கு இங்கே பார்க்கவும்’ என்று நீல எழுத்து மட்டும் நிற்கிறது, எங்கே பார்ப்பது என்று படிப்பவர்கள் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள்.

சரி, முதலில் வெளி இணைப்புகள். ‘கான்ஃப்’ என்ற அமைப்புக் கோப்பில் ‘லேடெக்ஸ் ஷோ யூஆர்எல்ஸ்’ என்ற அமைப்பு (சொற்களுக்கு நடுவே அடிக்கோடு) சும்மா விட்டால் ‘நோ’ என்றுதான் இருக்கும், அதை ‘ஃபுட்நோட்’ ஆக்குங்கள், முகவரி அடிக்குறிப்பாக அச்சாகும். ‘இன்லைன்’ என்றும் வைக்கலாம், ஆனால் நீளமான முகவரி பத்தி நடுவே வந்து வாசிப்பைக் கெடுக்கும், நான் வைக்க மாட்டேன். உள் இணைப்புகளுக்கு ‘லேடெக்ஸ் ஷோ பேஜ்ரெஃப்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால் பக்க எண் தானாகவே சேரும். இரண்டும் பிடிஎஃப்பை மட்டுமே தொடும், இணையப் பதிப்பு அப்படியே இருக்கும்.

அப்புறம், ‘இங்கே’ என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தலைப்புக்கு மேல் ஒரு லேபிள் (அந்த இடத்துக்கான அடையாளப் பெயர்) வைத்து, அதை ‘ரெஃப்’ என்ற குறியீடு கொண்டு சுட்டினால் தலைப்பின் பெயரே வந்து நிற்கும். ‘தரவுத்தளத்தை நிறுவுதல், பக்கம் 42’ என்று தாளில் இருந்தால், இணையம் இல்லாத சர்வர் அறையில் கையேட்டோடு நிற்பவர் நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.