குளோரின்ல 18.5 நியூட்ரான் எப்படி வருது?

அரை நியூட்ரான்னு ஒண்ணு கிடையவே கிடையாது, பீரியாடிக் டேபிள்ல குளோரினோட அணு நிறைன்னு இருக்கற 35.5-ல இருந்து நேரா புரோட்டான் எண்ணிக்கை 17-ஐ கழிச்சிருப்பீங்க, அதான் 18.5 வந்து நிக்குது. அந்த 35.5 ஒரு தனி அணுவோட நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) இல்லங்க, சராசரி. இயற்கையில கிடைக்கற குளோரின்ல முக்கியமா ரெண்டு ஐசோடோப் (ஒரே தனிமத்தோட வேற வேற நிறை உள்ள அணு வகைகள்), ரெண்டுலயும் புரோட்டான் 17தான், ஆனா ஒண்ணுல நியூட்ரான் 18, இன்னொண்ணுல 20.

நீங்களே போட்டுப் பாருங்க. 100 அணு எடுத்தா சுமார் 76 அணுவுக்கு நிறை எண் 35, மீதி 24-க்கு 37. 76×35 = 2660, 24×37 = 888, கூட்டி 100-ஆல வகுத்தா 35.48, புக்ல அதைத்தான் 35.5னு போடுறாங்க, ஒருதடவை கையால போட்டுட்டா அப்புறம் மறக்கவே மறக்காது.

ஒண்ணு கவனிங்க, கேள்வியில குளோரைடு அயனின்னு (ஒரு எலக்ட்ரான் கூடுதலா வாங்கின குளோரின்) இருந்தா எலக்ட்ரான் மட்டும் 18 ஆயிடும், புரோட்டான் அதே 17தான்.